வரியற்ற தசையும் ஒரு சிறு பாஸ்பேட்டும்

(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் நிகழ்த்திய உரை)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அறிவியல் அரங்கில் உரையாற்றும் பொறுப்பு நமக்கு அளிக்கப்பட்டுள்ளது. வாழ்த்துரைகள் பல நிகழ்ந்துவிட்டன; ஆதலின் நேரே பொருளுக்கு வருகிறோம். வரியற்ற தசையிலுள்ள மையோசின் என்னும் புரதம், பாஸ்பேட் என்னும் சிறு தொகுதி ஒன்று தன்மேல் ஏறியதும் எங்ஙனம் வடிவம் மாறுகிறது, எங்ஙனம் செயல் மாறுகிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டதும், “இது மருத்துவக் கல்லூரிப் பாடமன்றோ! நமக்கு இதனால் ஆவது என்ன?” எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆயினும் நம் இல்லங்களில் நிகழும் ஒன்றைச் சுட்டிக் காட்டிவிட்டு மேலே செல்வோம்.

நிறைமாதத்தில் ஒரு தாயின் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்தவுடன், அவ்விரத்தம் பாய்ந்த குழாய்களின் வாய்கள் திறந்தபடி நிற்கின்றன. அவற்றை எவரும் நூல்கொண்டு கட்டுவதில்லை. கருப்பைச் சுவரின் தசை நார்கள் அக்குழாய்களைச் சூழ்ந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியுள்ளன. அத்தசை இறுகினால் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும், தாய் பிழைப்பாள். தசை இறுகாமல் தளர்ந்து கிடந்தால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். பேறுகாலத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கினால் உலகெங்கும் ஆண்டுதோறும் பல்லாயிரம் தாய்மார் உயிரிழக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அத்தசையை இறுகச் செய்வது எது? அதற்குரிய விடையே இன்றைய நம் பொருள்.

இருவகைத் தசைகள்

கையைத் தூக்குவதும், காலை எடுத்து வைப்பதும் எலும்போடு இணைந்த தசைகளின் வேலை. நுண்ணோக்கியில் அவற்றில் குறுக்கு வரிகள் தென்படும். ஆதலின் அவை வரித்தசை எனப்படும். அவை நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டவை. இரத்தக் குழாய், இரைப்பை, குடல், மூச்சுக் குழல், சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் உள்ளது வேறு வகைத் தசை. அதில் வரிகள் இல்லை. இரு முனையும் கூம்பிய கதிர்போன்ற செல்களால் ஆனது. நாம் உறங்கும்போதும் அது தன் பணியைச் செய்துகொண்டிருக்கும். அதுவே வரியற்ற தசை. மென்தசை என்றும் வழங்குவர்.

இருவகைத் தசைகளிலும் இழுக்கும் பொருள் ஒன்றே, அது மையோசின். 1864ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் கூனே அப்பெயரை இட்டார். மையோசின் பற்றி இழுக்கும் கயிறு ஆக்டின் என்னும் மற்றொரு புரத இழை. கிணற்றில் நீர் இறைப்பவர் கயிற்றைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் மேலே பற்றி இழுப்பதை நாம் கண்டிருக்கிறோம். மையோசின் தலைகள் ஆக்டின் இழையை அங்ஙனமே பற்றி இழுக்கின்றன. ஒவ்வோர் இழுப்பிற்கும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்று செலவாகிறது. தசை சுருங்கும்போது இழைகள் தாம் குறுகுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்னும் கொள்கையை 1954ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே வெளியிட்டனர். ஒரு குழுவில் ஆண்ட்ரூ அக்சிலியும் நீடர்கெர்கேயும், மறு குழுவில் இயூ அக்சிலியும் சீன் ஆன்சன் அம்மையாரும் இருந்தனர்.

இழுப்பது ஒன்றே எனினும், “இழு” எனக் கட்டளையிடும் முறை வேறு. வரித்தசையில் கட்டளை கயிற்றின் பக்கம் உள்ளது. ஆக்டின் இழைமேல் ட்ரோப்போனின் என்னும் புரதம் காவல் இருக்கிறது. கால்சியம் வந்து அதனோடு சேர்ந்ததும் இழை பற்றுதற்கு ஏற்றதாகிறது. வரியற்ற தசையில் ட்ரோப்போனின் இல்லை. ஈண்டுக் கட்டளை இழுப்பவன் பக்கமே, அதாவது மையோசினிலேயே உள்ளது. அக்கட்டளை பாஸ்பேட் வடிவில் வருகிறது.

மையோசினின் உருவம்

மையோசின் மூலக்கூறு ஒன்றில் ஆறு புரதச் சங்கிலிகள் உள்ளன. பெரியவை இரண்டு, இவை கனச் சங்கிலிகள். இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, சுமார் 150 நானோமீட்டர் நீளமுள்ள வாலாக அமைகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். வாலின் ஒரு முனையில் இரு சங்கிலிகளும் பிரிந்து இரண்டு தலைகளாகின்றன. ஆக்டினைப் பற்றும் இடமும், ஏ.டி.பி.யைப் பிளக்கும் இடமும் தலையில் உள்ளன. தலையும் வாலும் கூடும் கழுத்துப் பகுதியில், தலைக்கு இரண்டாகச் சிறிய இலகுச் சங்கிலிகள் நான்கு கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றுள் சுமார் 20,000 டால்டன் எடையுள்ள வகைக்கு ஒழுங்காற்றும் இலகுச் சங்கிலி என்று பெயர். அதில் 19ஆம் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. பாஸ்பேட் ஏறி அமர்வது அவ்விடத்தில்தான். இவ்வேற்றத்தையே அறிவியல் நூல்கள் பாஸ்பாரிகரணம் என்னும்.

எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். முழு மையோசின் ஏறத்தாழ 5,20,000 டால்டன். ஒரு பாஸ்பேட் ஏறுவதால் கூடும் எடை 80 டால்டன்; இரு தலைக்கும் சேர்த்து 160. மூவாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு! இச்சிறு பொருள் அப்பெரிய மூலக்கூறின் உருவத்தையே மாற்றிவிடுகிறது.

மடங்கிய நிலை

பாஸ்பேட் இல்லாத மையோசின், தக்க உப்புச் செறிவில் ஏ.டி.பி.யுடன் கரைசலில் இருக்கும்போது நீண்டு கிடப்பதில்லை. பாயை மூன்றாக மடித்தாற்போல அதன் வால் மூன்றாக மடங்கி விடுகிறது. இரு தலைகளும் வாலை நோக்கிப் பின்புறமாகச் சாய்ந்து ஒன்றோடொன்று பிணைகின்றன. சுழல் கருவியில் இட்டு வண்டல் படியச் செய்யும்போது, மடங்கியது விரைந்தும் நீண்டது மெதுவாகவும் இறங்கும். அவ்வேகத்தைக் குறித்து மடங்கியதை 10எஸ் என்றும், நீண்டதை 6எஸ் என்றும் வழங்குகின்றனர்.

தலைகள் பிணைந்திருக்கும் முறையை நம் கைகளைக் கொண்டே அறியலாம். மாணவர்களே, வலக்கையால் இடக்கையின் மணிக்கட்டை இறுகப் பற்றுங்கள். இப்போது ஒரு கயிற்றை இழுக்கச் சொன்னால் முடியுமா? வலக்கையின் உள்ளங்கை மணிக்கட்டோடு ஒட்டிக் கிடப்பதால் அதனால் கயிற்றைப் பற்ற இயலாது. இடக்கையோ விரல்கள் விரிந்திருந்தும் மணிக்கட்டை வளைக்க முடியாததால் இழுக்க இயலாது. மையோசினின் ஒரு தலையில் ஆக்டினைப் பற்றும் முகம் மற்றத் தலையின்மேல் பதிந்து மறைந்துவிடுகிறது. மற்றத் தலையிலோ இழுப்பதற்கு அசைய வேண்டிய மூட்டு அசைவற்றுப் போகிறது. முன்னதை அடைபட்ட தலை என்றும், பின்னதைத் தனித்த தலை என்றும் அறிஞர் வழங்குவர். இவ்வமைப்பை வெண்ட், டெய்லர், டிரைபஸ் ஆகியோர் அடங்கிய குழுவினர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மடங்கிய வால் இவ்விரு தலைகளையும் சுற்றி வந்து கட்டை மேலும் இறுக்குகிறது.

இந்நிலையில் மையோசின் ஏ.டி.பி.யைப் பிளந்துவிட்டபோதிலும், பிளந்த பொருள்களை வெளியே விடாமல் பல நிமிடங்கள் தன்னுள்ளேயே வைத்திருக்கும். எனவே ஆற்றல் வீணாவதில்லை. இது பழுதன்று, சிக்கனம் என்க.

பாஸ்பேட் ஏறினால்

இனி, கட்டு அவிழ்வது எங்ஙனம்? செல்லுக்குள் கால்சியம் அயனிகளின் செறிவு ஓய்வு நிலையில் மிகக் குறைவு. நரம்பின் தூண்டலாலோ, ஆக்சிடோசின் போன்ற இயக்குநீராலோ அச்செறிவு பத்து மடங்கு அளவிற்கு உயர்கிறது. கால்மோடுலின் என்னும் சிறு புரதம் நான்கு கால்சியம் அயனிகளை ஏற்று உருமாறுகிறது. உருமாறிய கால்மோடுலின், மையோசின் இலகுச் சங்கிலிக் கைனேஸ் என்னும் நொதியோடு சேர்ந்து அதை எழுப்புகிறது. எழுந்த நொதி, ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து 19ஆம் செரின்மேல் ஏற்றுகிறது.

அந்தச் செரின் அமைந்துள்ள முன்பகுதியில் நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலங்கள் பல உள்ளன. பாஸ்பேட்டோ எதிர்மின்னூட்டம் மிக்கது. அது வந்து அமர்ந்ததும் அப்பகுதியின் மின்னிலை மாறுகிறது. அதன் அமைப்பும் ஒழுங்குபடுகிறது. மடக்கிப் பிடித்திருந்த பிணைப்புகள் தளர்கின்றன. தலைகள் ஒன்றையொன்று விடுகின்றன, வால் நீள்கிறது. நீண்ட மையோசின்கள் அணியணியாய்ச் சேர்ந்து தடித்த இழைகளாகின்றன. ஆக்டினோடு சேர்ந்து ஏ.டி.பி.யைச் செலவிடும் வேகம் பன்மடங்கு பெருகுகிறது. தசை இறுகுகிறது.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கரைசலில் கண்டதனைத்தும் உடலில் அப்படியே நிகழ்வதாகக் கொள்ளலாகாது. உயிருள்ள தசையில், தளர்ந்த நிலையிலும் தடித்த இழைகள் இருப்பதை மின்னணு நுண்ணோக்கி காட்டியது. ஆதலின் உடலில் ஒவ்வொரு முறையும் இழை முழுதும் கலைந்து மீண்டும் கூடுவதன்று. இழைக்குள்ளேயே தலைகள் பிணைந்து அடங்குவதும், பாஸ்பேட் ஏறியதும் அவிழ்வதுமே முதன்மையான நிகழ்ச்சி எனலாம்.

இறக்குவதும் ஒரு பணி

ஏற்றிய பாஸ்பேட்டை இறக்குதற்கு மையோசின் பாஸ்படேஸ் என்னும் வேறொரு நொதி உண்டு. ஏற்றுவோனும் இறக்குவோனும் எப்போதும் பணியில் இருக்கின்றனர். எவன் கை ஓங்குகிறதோ அதற்கேற்பத் தசை இறுகும் அல்லது தளரும். இறக்குவோனைத் தடுக்கும் ரோ கைனேஸ் என்னும் நொதியும் உண்டு. அது பாஸ்படேஸைத் தடுக்கும் வழியை 1996ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர் விளக்கினர்.

இதனினும் வியப்பானது ஒன்று. 1981ஆம் ஆண்டில் டில்லன், மர்பி முதலியோர் தமனித் தசையை ஆராய்ந்தபோது, பாஸ்பேட் அளவு குறைந்த பின்னரும் இறுக்கம் நீடித்திருக்கக் கண்டனர். ஆக்டினைப் பற்றியிருக்கும்போதே பாஸ்பேட்டை இழந்த தலை, உடனே விடாமல் மெல்ல விடுவதே இதற்குக் காரணம் என விளக்கினர். இதற்குத் தாழ்ப்பாள் நிலை என்று பெயர். கதவைத் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டும். தாழிட்ட பின் எவரும் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நம் இரத்தக் குழாய்கள் வாழ்நாள் முழுதும் களைப்பின்றி இறுக்கம் காப்பது இத்தகைய சிக்கனத்தாலேயே.

அறிந்தது எங்ஙனம்?

இத்துணை நுட்பங்களையும் அறிவதற்கு ஆய்வாளர்க்குக் கிடைத்த பொருள் எது தெரியுமா? கோழியின் வயிற்றில் தீனியை அரைக்கும் தடித்த தசைப்பை! அரைவைப்பை எனப் பாடநூல்கள் கூறும் அது, பெரும்பாலும் வரியற்ற தசையால் ஆனது. இறைச்சிக் கடையில் எளிதில் கிடைப்பது. புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றி நொதியின் செயலை மாற்றலாம் என்பதை எட்மண்டு பிசரும் எட்வின் கிரெப்சும் 1955ஆம் ஆண்டில் வேறொரு நொதியில் கண்டனர். அதற்காக 1992இல் நோபல் பரிசு பெற்றனர். 1970களின் நடுவில் சோபியெசெக், ஆர்ட்சோர்ன் முதலியோர் அரைவைப்பை மையோசினில் பாஸ்பேட்டின் பங்கைக் காட்டினர். 1982, 1983ஆம் ஆண்டுகளில் டிரைபசும் உடனுழைத்தோரும், கிரெய்க், சுமித், கென்ட்ரிக்-ஜோன்ஸ் ஆகியோரும் மடங்கிய மூலக்கூறின் மின்னணு நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டனர். 2020ஆம் ஆண்டில், உறைநிலை மின்னணு நுண்ணோக்கியைக் கொண்டு இரு குழுவினர் மடங்கிய நிலையின் முப்பரிமாண அமைப்பை நுணுக்கமாக வெளியிட்டனர். அவர்கள் எடுத்தது வான்கோழியின் அரைவைப்பை. கடையில் கழிவென ஒதுக்குவதும் அறிவுடையார் கையில் நூலாகும்.

நம் இல்லத்து மருந்துகள்

இப்போது மகப்பேற்று அறைக்குத் திரும்புவோம். பிரசவம் முடிந்தவுடன் செவிலியர் போடும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் அளவுடையது. அது கருப்பைத் தசைச் செல்லில் கால்சியத்தை உயர்த்துகிறது, கைனேஸ் எழுகிறது, பாஸ்பேட் ஏறுகிறது, மடங்கிய மையோசின் அவிழ்ந்து இழுக்கிறது, குழாய்கள் நெரிபட்டு இரத்தம் நிற்கிறது. ஆக்சிடோசினை 1953ஆம் ஆண்டில் செயற்கையாய் ஆக்கியவர் வின்சென்ட் டு விக்னோ. 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அம்மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்தால் வீரியம் குன்றும். குளிர்பெட்டியும் பயிற்சி பெற்ற செவிலியரும் உள்ள இடத்தில் பிரசவம் நிகழ வேண்டுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

எர்கோமெட்ரின் வகை மருந்தும் கருப்பையை இறுக்கும். ஆனால் இரத்த அழுத்தம் மிகுந்த தாய்க்கு அதைத் தவிர்ப்பர். ஏனெனில் அது இரத்தக் குழாயின் தசையையும் இறுக்கிவிடும். இரு சுவரிலும் உள்ள பூட்டு ஒன்றே!

இரத்தக் குழாயைச் சற்று எண்ணிப் பார்ப்போம். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாயும் இரத்தம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பாய்ச்சல் மூன்றில் ஒரு பங்கு குறையும். சிறு தமனிகள் அளவு மீறி இறுகினால் அழுத்தம் ஏறும். நம் பெரியோர் பலர் உண்ணும் ஆம்லோடிபின் மாத்திரை கால்சியம் நுழையும் வாயிலை அடைக்கிறது, பாஸ்பேட் ஏற்றம் குறைகிறது, குழாய் விரிகிறது. மாத்திரையை நிறுத்தினால் பழைய இறுக்கம் மீளும். “தலைவலி இல்லை, ஆகவே மாத்திரை வேண்டா” என நிறுத்திவிடுவோர் இதை உணர வேண்டும். இறுகிய குழாய் வலித்துக் காட்டுவதில்லை. பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோதான் அது தன்னைக் காட்டும்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் 1879ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதப்பெற்றது. அது நைட்ரிக் ஆக்சைடு வழியே பாஸ்பேட்டை இறக்கும் பக்கத்திற்கு வலுவூட்டுகிறது என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே வெளிப்பட்டது. நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுக்காக பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர் 1998இல் நோபல் பரிசு பெற்றனர். மூச்சிரைப்பு நோயில் சுருங்கும் மூச்சுக் குழலிலும் இதே தசைதான். இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் அதைத் தளர்த்துகிறது. “இன்ஹேலர் எடுத்தால் அடிமையாகிவிடுவோம்” என்று அஞ்சி, பெண் பார்க்க வருவோர் அறிந்தால் இழிவு என்று ஒளித்து வைப்போர் நம்மிடையே உண்டு. அச்சத்திற்கும் வெட்கத்திற்கும் இதில் இடமே இல்லை. ஆயினும் அது குழலைத் தளர்த்துவதே. குழலின் அழற்சியைத் தணிக்க மருத்துவர் தரும் தடுப்பு மருந்தையும் விடாது கொள்ள வேண்டும்.

நிறைவாக

மையோசினிடம் வலிமை எப்போதும் உண்டு. அவ்வலிமை எப்போது அவிழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதே உடலின் கவலை. கருப்பையில் அவிழ வேண்டிய வேளையில் அவிழாவிடில் தாயை இழக்கிறோம்; தமனியில் அடங்க வேண்டிய வேளையில் அடங்காவிடில் தந்தையை இழக்கிறோம். இரண்டிற்கும் நடுவே நிற்பது 80 டால்டன் எடையுள்ள ஒரு சிறு பொருள்.

நம் உறுப்பினர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. நம் குடும்பத்துப் பிரசவம் எதுவும் மருத்துவமனைக்கு வெளியே நிகழாதிருக்கட்டும். முப்பது வயதைக் கடந்தோர் அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளட்டும். மருத்துவர் சொல்லாமல் எவரும் மாத்திரையை நிறுத்தாதிருக்கட்டும்.

மாணவ மாணவியரே! இன்று கூறியவற்றில் உயிரியல் மட்டுமன்றி வேதியியலும் இயற்பியலும் கணக்கும் கலந்திருந்தமையைக் கண்டீர்கள். எந்தப் பாடத்தையும் கடினமென்று ஒதுக்காதீர்கள். நாளை விடுதி அறையில் பாடநூலைத் திறக்கும்போது, முதலில் வலக்கையால் இடக்கை மணிக்கட்டை ஒருமுறை பற்றிப் பாருங்கள். இன்று கேட்ட பாடம் முழுதும் நினைவிற்கு வரும்.